பின்தங்கிய அம்பு

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், மேசை மேசையாகப் போய் மவுஸை ஒருமுறை வட்டமாகச் சுற்றிப் பார்ப்பது அந்தக் கணினிக்காரரின் பழக்கம். திரையில் அம்புக்குறி கையோடு கையாக வந்தால் ஒரு புன்னகை. தயங்கித் தயங்கி வந்தால் ஒரு பெருமூச்சு. பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் அந்த அறையின் நான்கு கணினிகளில் மூன்று அவருக்குப் புன்னகையைத் தந்தன.

நான்காவது அக்காவுடையது. அறையில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

“என்ன தம்பி, இன்னைக்கும் பெருமூச்சுதானா?”

“அம்பு இன்னும் திண்டாடுதுக்கா.”

“ஒரு எழுத்தை அடிச்சிட்டுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தா, அப்பதான் அது ஆடி அசைஞ்சு வந்து நிக்குது.”

குற்றம் இயங்குதளத்தின் கருவான கெர்னலில்தான் என்று கணினிக்காரர் முதல் நாளே தீர்மானித்துவிட்டார். தமக்குத் தலைவலி வந்தால்கூட அவர் கெர்னலைத்தான் சந்தேகிப்பார் என்று அறையில் ஒரு கேலி உண்டு.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கணினிக்காரரிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மெஷின் சரியாகணும். இல்லேன்னா கம்ப்யூட்டர் பாத்துக்கிற வேலையை மொத்தமா வெளியில கொடுத்துடுவோம். அப்புறம் நீங்க வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்.”

அக்காவின் விரல்கள் விசைப்பலகைமீது அப்படியே நின்றன. கணினிக்காரருக்கு முகம் சிவந்தது.

அன்று மாலையே அவர் வேலையில் இறங்கினார். பின்னால் எத்தனை வேலைகள் ஓடினாலும் மவுஸையும் விசைப்பலகையையும் முதலில் கவனிக்கும்படி கெர்னலுக்குச் சொல்லித்தரும் திருத்தங்கள் இணையத்தில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்துப் புதிய கெர்னலை உருவாக்கி, அக்காவின் கணினியில் நிறுவினார்.

மறுநாள் காலை மவுஸைச் சுற்றினார். அம்பு நிழல்போல் ஒட்டிக்கொண்டு வந்தது.

“பறக்குது தம்பி!” என்றார் அக்கா.

“கில்லாடிய்யா நீங்க! வெளியில கொடுக்கிற பேச்சே இனிமே இல்ல” என்று மேலாளர் முதுகில் தட்டினார். அவர் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவுக்கும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்.

அதன்பின் அம்பு ஒருநாளும் பின்தங்கவில்லை. மணிக்கொருமுறை அக்கா எழுந்து போய், நடையில் நின்று வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். வேலை சீக்கிரம் முடிவதால் அக்காவுக்குப் பேச நேரம் கிடைக்கிறது என்று கணினிக்காரர் பூரித்துப்போனார்.

அடுத்த வாரம், மற்ற மூன்று கணினிகளிலும் அதே கெர்னலை ஏற்ற நினைத்தவர், அக்காவின் கணினியில் அதன் பதிப்பு எண்ணைப் பார்த்தார். திரை காட்டியது பழைய எண்.

கணினி எந்தக் கெர்னலோடு எழ வேண்டும் என்ற பட்டியலில், புதியதை முதலிடத்துக்கு மாற்றிவைக்க அவர் மறந்திருந்தார். ஆகவே, இத்தனை நாளும் அது பழைய கெர்னலோடுதான் எழுந்திருக்கிறது. அவருடைய திருத்தம் ஒரு நொடிகூட ஓடவில்லை.

பட்டியலை மாற்ற ஒரு நிமிடம் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. விசைப்பலகைவரை போன கையை அவர் இழுத்துக்கொண்டார். ஆனால் வாயைத் திறக்கவும் துணிவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. “வாங்க டாக்டரே!” என்று யாராவது பாராட்டினால், கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் திடுக்கிட்டார்.

மூன்றாம் நாள் மேலாளர் உறையோடு அறைக்குள் வந்தார்.

“பிடிங்க, நிரந்தர உத்தரவு. எங்கே, எல்லாரும் கை தட்டுங்க!”

“சார், அதை எனக்குக் கொடுக்காதீங்க” என்றார் கணினிக்காரர். “அந்த மெஷினை நான் சரி பண்ணல. புது கெர்னல் ஓடவே இல்ல. பழசுலதான் ஓடிக்கிட்டிருக்கு.”

“அப்புறம் எப்படிய்யா வேகமாச்சு? நான் போட்ட சத்தத்துல பயந்துடுச்சா?”

“தெரியலை சார். செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிட்டேன். தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை. நீங்க வெளியிலேயே கொடுத்துடுங்க.”

தட்டுவதற்கு உயர்ந்த கைகள் இறங்கின. மேலாளர் உறையை மெல்லச் சட்டைப்பைக்குள் செருகினார்.

நாற்காலி ஒன்று பின்னே நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

“அதை எடுத்து அவர்கிட்ட கொடுங்க சார். தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க.”

“நீங்க என்னம்மா பண்ணீங்க?”

“பக்கவாதத்துல விழுந்த எங்க வீட்டுக்காரரை மூணு மாசமா இந்த மெஷின்லதான் நாள் பூரா பின்னால வீட்டுக் கேமராவை ஓடவிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன், தம்பிக்கு வேலை போயிடும்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் நிறுத்தினேன்!”