பன்னிரண்டாவது பெயர்

"மொத்தம் எத்தனை பேர் இங்க படுக்கிறீங்கன்னு கேக்கிறார், அக்கா."

"பதினொண்ணுன்னு சொல்லு. அவர் கையில இருக்கற காகிதத்துலயும் அப்படித்தானே இருக்கு?" என்றாள் நிவியாக்.

சியாசி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டுவசதித் துறை அதிகாரி டெல்மர் தலையாட்டிக்கொண்டே படிவத்தில் குறித்துக்கொண்டார்.

நாளைக்கு வரவேண்டியவர். பனிப்புயல் வரப்போகிறது என்று ஒருநாள் முன்னதாகவே தெற்கிலிருந்து விமானத்தில் இந்த வடதுருவ ஊருக்கு வந்து இறங்கிவிட்டார். நிவியாக்குக்கு வீட்டை ஒதுங்கவைக்கக்கூட நேரமில்லை. தரையில் அட்டையை விரித்து அதன்மேல் வைத்திருந்த துருவமான் தொடை பாதி வெட்டியபடி கிடந்தது. சோபாமேல் நான்கு பேருடைய போர்வைகள். டெல்மர் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, எதையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் நிவியாக்கை இன்னும் குன்றவைத்தது. கடுகடுத்திருந்தால் பதிலுக்கு முறைக்கவாவது செய்யலாம்.

மேட்டில் புதிதாகக் கட்டிய வீடுகளில், நான்கு படுக்கையறை உள்ள ஒன்றை நிவியாக் குடும்பத்துக்கு என்று ஊர்க் குழு ஒதுக்கியிருந்தது. ஊர் வீட்டுவசதி அலுவலகத்தின் பொறுப்பாளர் சியாசிதான் படிவங்களை எல்லாம் தயார் செய்தவள். டெல்மர் நேரில் பார்த்துச் சரி என்றால் சாவி கைக்கு வந்துவிடும்.

குளியலறைச் சுவரில் கரும்பூஞ்சை கூரைவரை ஏறியிருந்தது. டெல்மர் அதைப் புகைப்படம் எடுத்தார்.

"எத்தனை தடவை தேச்சாலும் ரெண்டே வாரத்துல கறுத்துடுது" என்று முணுமுணுத்தாள் நிவியாக்.

"சொல்லவா?"

"சொல்லு... இல்ல, வேண்டாம். வீடு துடைக்கத் தெரியாதவன்னு நினைச்சுக்குவார்."

அப்போது நிவியாக்கின் நான்கு வயது மகள் இருமிக்கொண்டே ஓடிவந்து சியாசியின் காலைக் கட்டிக்கொண்டாள். நிவியாக்குக்குத் திக்கென்றது.

"அப்பா, எனக்கு இப்ப வேலை இருக்கு. உள்ள போய் விளையாடுங்க" என்று சியாசி குழந்தையின் தலையைத் தடவினாள். டெல்மர் விழிப்பதைப் பார்த்து, "எங்க அப்பா செத்த வருஷம் பிறந்தவ. எங்க வழக்கப்படி அவர் பேரைத்தான் இவளுக்கு வச்சாங்க. அதனால எனக்கு இவ அப்பா" என்றாள்.

டெல்மர் சிரித்தார். சிரித்தபடியே, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கும் சின்ன அறையின் கதவைத் திறந்தார்.

கொதிகலனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய மெத்தை. மடித்த போர்வை. சூடான குழாயின்மேல் காயப்போட்ட கம்பளிக் காலுறைகள். ஒரு குவளையில் பல் தேய்க்கிற பிரஷ்.

"இது யாரோடது?"

சியாசி மொழிபெயர்க்கும் முன்பே நிவியாக்குக்குப் புரிந்துவிட்டது. "வேட்டைக்குப் போறவங்க யாராவது தங்கிட்டுப் போவாங்க. விருந்தாளிங்க."

"விருந்தாளி பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் விட்டுட்டா போவார்?" டெல்மர் குரலை உயர்த்தவில்லை. "நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா பதிவில்லாத ஆள் தங்கக் கூடாதுன்னு விதி ஒண்ணு இருக்கு. அந்தப் பேரை எழுதினா, அந்த ஆள் ரெண்டு வாரத்துல இங்கேருந்து கிளம்பணும். இவங்களுக்குப் புது வீடு. மறைச்சா, பொய்த் தகவல்னு விண்ணப்பம் வரிசையோட கடைசிக்குப் போயிடும். அவங்ககிட்ட சொல்லுங்க."

தரையைப் பார்த்தபடியே சியாசி சொன்னாள்.

"ரெண்டு வாரத்துல கிளம்பி எங்க போறது? ஊர்ல எந்த வீட்டுல இடமிருக்கு?"

"அதெல்லாம் படிவத்துல கிடையாது, அக்கா."

"யாருமே இல்லைன்னு சொல்லு."

"பார்த்துட்டாரே."

"பார்த்தா பார்க்கட்டும்!"

"குழந்தை இருமறது காதுல விழலையா? ஒரு பேருக்காக நாலு அறையை விட்டுடுவியா?"

"ஒரே அட்டையைச் சுத்தி உக்காந்து தின்ன ஆளைக் காட்டிக்கொடுத்துட்டு, மேட்டு வீட்டுல நான் காலை நீட்டிப் படுக்கணுமா? சொல்றதுக்கே வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றாள் சியாசி. "இன்னிக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே."

தான் கேட்டிருக்கக் கூடாது என்று நிவியாக்குக்குப் பட்டது.

"என்ன சொல்றாங்க?" என்றார் டெல்மர்.

"அந்தப் பேரைச் சொல்ல அவங்களுக்கு மனசு வரல. எனக்கு ஆளைத் தெரியும். படிவத்தைக் கொடுங்க, நானே எழுதறேன்."

"வேண்டாம்டி!" நிவியாக் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சியாசி அந்த விரல்களை மெல்ல விலக்கினாள். துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் படிவத்தை வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். களைத்துப்போன சக ஊழியரைத் திருத்துபவர்போல இதமாகப் புன்னகைத்தார்.

"சியாசி, அவசரத்துல எழுதிட்டீங்கபோல. உங்க பேர் கீழே மட்டும் போதும். மேலே இந்தக் கட்டத்துல அந்த மெத்தைக்காரரோட பேர்தான் வரணும்."

"தெரியும். தெற்கேயிருந்து வேலைக்கு வர்றவங்களுக்குத்தான் அலுவலகம் வீடு கொடுக்குது, நான் இந்த ஊர்க்காரி" என்றாள், ஆறு வருடங்களாக அந்த ஊருக்கே வீட்டுச் சாவிகளை எடுத்துக் கொடுத்துவந்த சியாசி.