மாதிரிப் பாடத்துக்கு அம்மாவும்

ராத்திரி எட்டு மணிக்கு எழுந்த அந்த விசித்திரமான சத்தத்தைக் கேட்டு, கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுல மாடு ஏதாவது வளர்க்கறீங்களா?"

"மாடு இல்லைங்க, டிராம்போன்னு ஒரு பித்தளைக் குழல்" என்றாள் அம்மா. "பாப்பா பழகுறா. இன்னும் பத்தே நிமிஷம்."

பதினேழு வயசு முடிந்தும் வீட்டில் அவள் பாப்பாதான்.

அவரை அனுப்பிவிட்டு வந்த அம்மா, பாப்பாவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். பத்து வயதில் பாப்பா பள்ளி மேடையில் பாதி வாசிப்பிலேயே அழுதுகொண்டு இறங்கி ஓடினாளே, அன்றிலிருந்து இதுதான் வழக்கம். பாப்பா எங்கே வாசித்தாலும் எதிரே அம்மா.

வாசிப்பு முடிந்ததும் அம்மா போனை எடுத்தாள். மூன்று கல்லூரிகளின் இசைத் துறைகளுக்குப் போய்ப் பார்க்க நாள் கேட்டிருந்தாள். போனால், ஒத்திகையை உட்கார்ந்து கேட்கலாம். பேராசிரியரிடம் அரைமணி நேரம் மாதிரிப் பாடமும் உண்டு. அந்த அரைமணியில் அவருக்குப் பிடித்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு.

"ஆமாங்க, நாங்க ரெண்டு பேரும் வர்றோம். பாடம் நடக்கும்போது நானும் உள்ள உட்காரலாமா?"

பாப்பா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பா, இந்த அம்மாவைப் பாருங்களேன். மானம் போகுது."

"அப்படியே ரெண்டு சீட்டா கேளுடி" என்றார் அப்பா, அம்மாவிடம். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா தருவாங்க."

முதல் கல்லூரியில் பேராசிரியர் பாப்பாவைப் பார்த்துக் கேட்டார், "உனக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்?"

"மெதுவா வர்றதுதான் சார் அவளுக்குப் பிடிக்கும்" என்றாள் அம்மா.

பாப்பாவுக்கு அந்த இடத்திலேயே டிராம்போனுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும், வாசி என்றவுடன் அவள் கண் தானாகவே அம்மா முகத்துக்குப் போனது. அதை அவள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது கல்லூரியில் ஒரு பேராசிரியை. பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா எதிர்ல அம்மா இல்லாத அன்னிக்கு என்ன பண்ணுவ?"

பாப்பா அம்மாவைத்தான் பார்த்தாள். ஆச்சரியம், அம்மா பதிலுக்கு முந்திக்கொள்ளவில்லை.

திரும்பும் ரயிலில் பாப்பா பொரிந்து தள்ளினாள். "எல்லாம் உன்னாலதான். உன்னை யாரும்மா உள்ள வரச் சொன்னது? ரெண்டு இடம் போச்சு. எனக்கு நிஜமா வேணும்னு இருக்கறதே அந்த மூணாவது இடம்தான். அங்கேயாவது சும்மா இரேன்!"

அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம், பால்கனிக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஆடியது, தலை ஆடியது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. சொல்லியும் கேட்காமல் மூணாவது இடத்திலும் நாற்காலி கேட்கிறாள் என்று பாப்பா பல்லைக் கடித்தாள்.

மூன்றாவது கல்லூரி. ஒல்லியான பேராசிரியர், மூக்கு நுனியில் கண்ணாடி. அம்மா வழக்கம்போல நாற்காலியை இழுத்தாள்.

"பெத்தவங்களுக்கெல்லாம் இங்க இடம் கிடையாது" என்றார் அவர். "வெளிய போங்க."

"ஒரு ஓரமா..."

"ஓரமாவும் கிடையாது. இது இசைத் துறை, குழந்தைகள் காப்பகம் இல்ல. கிளம்புங்க!"

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு தலை குனிந்து வெளியே போனாள்.

பாப்பாவுக்குக் காதெல்லாம் சுட்டது. "எங்கம்மாகிட்ட நீங்க இப்படிப் பேசக் கூடாது சார்."

"பேசியாச்சு. வாசிக்கிறியா, நீயும் கிளம்புறியா?"

வாசித்தாள். பயப்படுவதற்கு அவளுக்கு நேரமே இல்லை. கோபம் முழுக்க மூச்சாகிக் குழலுக்குள் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முடித்த பிறகுதான், எதிரே யாருமே இல்லாமல் வாசித்திருக்கிறோம் என்பது உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விண்ணப்பம் போடு" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் சீறினாள். "செத்தாலும் அந்த ஆள்கிட்ட நான் படிக்க மாட்டேன். உன்னைப் போய் அப்படிச் சொல்றார், நீயும் கேட்டுட்டு வர்ற!"

"அது கிடக்கட்டும். நல்லா வாசிச்சியா?"

"...வாசிச்சேன்."

"ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே" என்றாள் அம்மா.

துறை அலுவலகத்தில் இருந்த பெண் பக்கத்துப் பயிற்சி அறையைக் காட்டினாள். "காலியாத்தான் இருக்கு. வேணும்னா அதுல பழகிக்கோம்மா."

பாப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். பின்னால் கதவு முழுசாகச் சாத்தவில்லை. வெளியே அந்தப் பெண்ணின் தணிந்த குரல்.

"மேடம், சார் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார். ரொம்பக் கடுமையா பேசிட்டேனோன்னு மனசு அடிச்சுக்குதாம். அவருக்குக் கத்தவே வராது மேடம். திட்டி வெளிய அனுப்பச் சொல்லி நீங்க போன்ல அவ்வளவு கெஞ்சினீங்களேன்னு, காலையிலேர்ந்து இங்க என்னை நிக்க வெச்சு ஒத்திகை பார்த்தார்."

"சரியான அளவுதாங்க" என்றது அம்மாவின் குரல். "நானா எழுந்து வெளிய போயிருந்தா, பயந்து பாதியிலேயே நிறுத்தியிருப்பா. கோபம் வந்தாத்தான் அவளுக்குப் பயம் மறக்கும். இது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, கதவிடுக்கில் அம்மாவின் குரல்.

"பாப்பா, நான் வந்து உட்காரட்டுமாடா?"

பாப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.