கடைசிப் பக்கம் முதலில்

மயிலிட்டித் துறைமுகத்தில் காலை வெயில் ஏறுகிறது. கவிழ்த்த மீன்பெட்டியில் இருக்கும் சுபாஜினி, வாசிகசாலையில் எடுத்த நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் விரிக்கிறாள். செதில் ஒட்டிய பெருவிரல் வரிகளின் கீழே ஊர்கிறது. மீன் வாங்க வந்த வாசிகசாலைப் பொறுப்பாளர் கேதீஸ்வரன் சிரிக்கிறார். “முடிவைப் பாத்திட்டால் பிறகென்ன கதை, பிள்ளை?” அவள் நிமிரவில்லை. “என்ரை மனுசன் நேற்றுப் பின்னேரம் கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை. ஒவ்வொரு நாளும் முடிவு தெரியாமல்தான் இதிலை இருக்கிறன், அண்ணை. கதையிலையும் ஏன் அந்தரப்படவேணும்? நான் இப்பிடித்தான் வாசிப்பன்.” தூரத்தில் ஒரு படகின் எஞ்சின் சத்தம் கேட்கிறது. அவள் விரல் நிற்கிறது. அது அவர்களுடைய படகின் சத்தம் இல்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, கேதீஸ்வரனுக்கும் கடலுக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்கத் தொடங்குகிறாள்.