சிவப்புப் பட்டை

பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும், விட்டுப்போன இடுப்போடு ஜெபராணி சுவரைப் பிடித்தே நடந்தாள். பிசியோதெரபி அம்மா கொடுத்த சிவப்பு ரப்பர் பட்டையை முழங்கால்களில் மாட்டி, தினமும் இருபது முறை விரிக்க வேண்டும். இன்று பாயைப் போட்டுவிட்டுத் தேடினால் பட்டையைக் காணோம். வாசலில், புருஷன் சூசையின் ஸ்கூட்டரில் அரிசி மூட்டையை இறுக்கிக் கட்டியிருந்தது அதுதான்.

“நல்லா இழுக்குதுட்டி. நீ சும்மா படுத்துக் காலைத்தான ஆட்டுதே,” என்றான் அவன்.

“நான் அஞ்சு பெத்தேன். எந்த ரப்பரைக் கட்டுனேன்?” என்று கேட்டுக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி எழுந்தாள் மாமியார்.

ஜெபராணி சுவரோடு சுவராகப் படியிறங்கி முடிச்சை அவிழ்த்தாள். மூட்டை சரிந்து விழுந்து, அரிசி தெருவெல்லாம் ஓடியது. அவள் வாசல் நடையிலேயே மல்லாந்து படுத்துப் பட்டையை மாட்டினாள்.

“ஒண்ணு.”

உள்ளே பிள்ளை அழுதது. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“ரெண்டு.”