ஏழு நிமிட நோயாளி

“சட்டம் கெடக்குது தம்பி! குடுக்கலாமா, வேண்டாமா? ஒத்த வார்த்த சொல்லுங்க!” மேஜையில் ஒரு காகிதப் பொட்டலத்தை ஓங்கி வைத்தார் அந்த ஆள்.

காய்ந்த காளான். இதையெல்லாம் கூடக் கொண்டுவந்திருக்கிறாரே, நாடகக்காரர் நாடகக்காரர்தான் என்று பேராசிரியை ஷெர்லி மனதுக்குள் மெச்சினாள். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

மைசூரில் அந்த மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு அன்று சைக்கடெலிக் என்னும் மனமயக்கப் பொருட்களால் செய்யும் சிகிச்சை பற்றிய பாடம். மனச்சோர்வுக்கு மாயக் காளான் கேட்டு வரும் நோயாளியிடம் பேசிப் பழகுவதற்காக, கொள்ளேகாலிலிருந்து ஒரு நடிகரைப் போனிலேயே ஏற்பாடு செய்திருந்தாள். ஓ.பி. சீட்டும் கையுமாக வாசலில் தயங்கி நின்றவரை, “வாங்க வாங்க, ஏழு நிமிஷம்தான், ஆரம்பிங்க” என்று தமிழ் தெரிந்த மாணவன் மெர்வின் எதிரில் உட்காரவைத்ததும் அவள்தான்.

‘நோயாளி நீங்கதான், உங்களைப் பத்தித்தான் பேசணும்’ என்று படித்துப் படித்துச் சொல்லியும், மனிதர் மகள் கதையை அளந்துகொண்டிருந்தார். கோபம் வராமல் என்ன செய்யும்?

“அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இங்க அனுமதி இல்ல” என்று ஒப்பித்தான் மெர்வின்.

“ஆராய்ச்சிய யாரு கேட்டா? மூணு வருசமா மாத்திர முழுங்கியும் என்ற புள்ள செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்குது! ஒருத்தன் இதக் குடுத்தான். நீங்க சொல்லலீன்னா, ஊட்டுக்குப் போனதும் ரசத்துல கலந்து குடுத்தர்றேன்!”

“டைம் முடிஞ்சுது. போதும், கிளம்புங்க” என்றாள் ஷெர்லி.

வகுப்பே கை தட்டியது. “சூப்பர் குரு!” என்று பின்பெஞ்சில் ஒருவன் விசிலடித்தான்.

அவர் திகைத்து எல்லோரையும் பார்த்தார். கண் சிவந்துவிட்டது. “கை தட்டறீங்களா? நல்லா இருங்க சாமி!” பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

ஷெர்லிக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏன்டா, பொட்டலத்த வாங்கி வெச்சியா? பொண்ணு பேராவது கேட்டியா? மனுஷன் ரசத்துல கலக்கறேங்கறாரு, நீ வாயப் பொத்திட்டு உக்காந்திருக்க! நெஜமாவே ஒரு நோயாளியோட அப்பா இப்படி எழுந்து போனா, பின்னாலயே ஓட வேண்டாமா?”

மெர்வினுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “நெஜம்னா ஓடியிருப்பேன் மேடம். நடிக்கறவர் பின்னால எதுக்கு ஓடறது?”

“எதிர்த்தா பேசற?” என்று அவள் மேஜையைத் தட்டியபோது, கதவைத் திறந்துகொண்டு வியர்க்க விறுவிறுக்க ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க மேடம், பஸ் வழியில நின்னுபோச்சு. நோயாளியா நடிக்கக் கூப்ட்டீங்களே... அந்த வேலாயுதம் நான்தானுங்க.”