சர்வேக்கு வந்தவர்

கோவை கண் அறுவை நிபுணர் சங்கச் செயலாளர் டாக்டர் விமலாராணி, தபாலில் சர்வேக்குப் பதில் போடாத உறுப்பினர்களை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார். கிணத்துக்கடவில், தன்னோடு படித்த டாக்டர் சாமுவேலிடம் கேட்டார்.

“கை நடுங்க ஆரம்பிச்சா ஆபரேஷன் செய்யறதை விட்டுப்போடுவீங்களா?”

சாமுவேலின் முகம் மாறியது. “எனக்குக் கை நடுங்குதுன்னு யாருங்க சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லலீங்க. எல்லார்கிட்டயும் கேக்கறேன்.”

அவர் யோசித்தார். “விட்டுப்போடுவேனுங்க. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா, அது இன்னொருத்தரோட கண்ணாச்சுங்களே.”

விமலாராணி அந்தப் பதிலை எழுத முயன்றார். பேனா தாளில் நிற்காமல் நடுங்கியது.

சாமுவேல் மெல்லக் கேட்டார்: “எப்ப இருந்துங்க?”

“கிறிஸ்துமஸ்ல இருந்துங்க.” அவர் கண்கள் நிறைந்தன. “நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் வெச்சிருக்கேன்.”

“காலைல வாரேனுங்க. நானே செஞ்சுபோடறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க.”