மேசைக்குள் ஓர் ஊர்

அந்த ஒலிப் பட்டறையில் ஒரே விதிதான். தான் உண்டாக்கும் சத்தத்தைத் தான் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும். நீண்ட மர மேசையைச் சுற்றி எல்லோரும் கம்பியும் தகரமுமாக எதையோ செய்துகொண்டிருக்க, செல்வின் மட்டும் தன் மைக்கை மேசைப் பலகையில் ஒட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். இவனிடம் கேட்க என்ன இருக்கும் என்ற சலிப்போடுதான் பக்கத்தில் இருந்த நூர்ஜகான் அந்த மைக்கின் ஹெட்போனை மாட்டினாள். மாட்டியவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். மேசைக்குள் ஓர் ஊரே குடியேறிக்கொண்டிருந்தது. அரத்தின் உரசல், சுத்தியலின் தட்டல், யாருடைய வளையலோ இடிக்கும் ஓசை, எல்லாம் மரத்துக்குள் இறங்கி ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. எல்லோரையும் கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அவர்கள் கேட்க வந்தால் கைகள் நின்றுவிடும்.

விதியாவது ஒன்றாவது என்று ஹெட்போனைக் கழற்றிச் செல்வின் தலையில் மாட்டிவிட்டு, திருப்புளியை எடுத்து விட்ட வேலையைத் தொடர்ந்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். வெகுநேரம் கழித்து, "நீங்க கேட்டதும் இதேதானா?" என்றான்.

"இல்லை," என்றாள் அவள், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கேட்டதுல நான் இல்லையே."